மூன்று வாள், ஒரு கிரீடம்: மிடில்செக்ஸ் சின்னம் எவ்வளவு பழையது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஹாரோவில் நீங்கள் புதிதாகக் குடிவந்த தெருவில் ஒரு பழைய செங்கல் பள்ளிக்கூடம். வாசலுக்கு மேலே சிவப்புக் கேடயம், அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வளைந்த வாள், அவற்றுக்கு மேலே சின்னதாக ஒரு கிரீடம். வாள்கள் துருக்கி வாள் மாதிரி இருக்கின்றனவே என்று விசாரித்தீர்கள். "சாக்சன் ராஜாக்களின் கொடி, 1,400 வருடப் பழசு" என்றார் ஒருவர். "மிடில்செக்ஸ் கவுண்டியின் சின்னம், அந்தக் கவுண்டியே இப்போது கிடையாது" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அது எசெக்ஸ் கிரிக்கெட் அணியின் சின்னம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இதில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில், ஒரு சின்னத்தைப் பார்த்து ஒரு இடத்தின் பழமையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மேற்கு லண்டனில் ஒரு பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். பழைய வரைபடம், பள்ளிப் பதிவேடு, சாலை வேலை அறிக்கை என்று எதை எடுத்தாலும் அதன் தலையில் இந்த மூன்று வாள் இருக்கும். சின்னங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காகிதங்களோடு பழகிப் பழகி வந்ததுதான். பழைய ஆங்கிலத்தை முறையாகப் படித்தவன் இல்லை. அதனால் சொற்பிறப்பு வரும் இடங்களில் அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

சுருக்கமான பதில்: இரண்டாமவர் சொன்னதே சரி. நீங்கள் பார்த்தது மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சிலின் சின்னம். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, கவுன்சில் அதை நிர்வகித்த அமைப்பு. அந்தக் கவுன்சில் 1889-ல் பிறந்து 1965-ல் கலைக்கப்பட்டது. கிரீடத்தோடு கூடிய அந்தக் கேடயம் 1910 நவம்பர் 7-ஆம் தேதியிட்ட பட்டயத்தின் மூலம் அதற்கு வழங்கப்பட்டது. துருக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சாக்சன் ராஜாக்களின் கொடி என்பது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. எசெக்ஸ்காரர் சொன்னது தவறுதான், ஆனால் அவர் தடுமாறியதற்கு நியாயமான காரணம் உண்டு.

பெயரிலிருந்து தொடங்கலாம். மிடில்செக்ஸ், எசெக்ஸ், சசெக்ஸ், வெசெக்ஸ் என்ற பெயர்களின் கடைசியில் வரும் ஒலி 'சாக்சன்' என்ற சொல் தேய்ந்து நிற்பது. கிழக்குச் சாக்சன்கள் இருந்த இடம் எசெக்ஸ், தெற்கே சசெக்ஸ், மேற்கே வெசெக்ஸ், நடுவில் மிடில்செக்ஸ். இந்த நடு நாட்டின் பெயர் 704-ஆம் வருடத்து நிலக்கொடைப் பட்டயம் ஒன்றில் வருகிறது. ட்விக்கனமில் இருந்த நிலத்தை லண்டன் பிஷப் வால்டியருக்குக் கொடுத்த பட்டயம் அது. கொடுத்தவர் கிழக்குச் சாக்சன் அரசர் ஸ்வாஃப்ரெட். அதில் மிடில்செக்ஸ் ஒரு மாகாணமாகத்தான் குறிப்பிடப்படுகிறது. மிடில்செக்ஸுக்கென்று தனி அரசர் ஆண்டதாகப் பதிவு எதுவும் இல்லை. கிழக்குச் சாக்சன் அரசர்கள் ஆண்டார்கள், அப்புறம் மெர்சியா என்ற பக்கத்து அரசின் பிடிக்குப் போனது. ஆகவே பெயர் 1,300 வருடத்துக்கு மேல் பழையது என்பதில் ஐயமே வேண்டாம். அந்தப் பெயருக்கு ஒரு ராஜாவைத் தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்பும்.

இனி வாள். அதன் பெயர் சியாக்ஸ். சாக்சன் மக்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த ஒற்றைக் கூர் கத்தி. சின்னதாக இருந்தால் காய் நறுக்கவும் தோல் அறுக்கவும் ஆகும், நீளமாக இருந்தால் சண்டைக்கு ஆகும். சாக்சன் என்ற இனப்பெயரே இந்தக் கத்தியின் பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைவிட நல்ல விளக்கம் யாரிடமும் இல்லை. நேரில் பார்க்க விரும்பினால் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போங்கள். 1857-ல் பாட்டர்சீ அருகே தேம்ஸ் ஆற்றில் ஒரு தொழிலாளி கண்டெடுத்த நீண்ட சியாக்ஸ் அங்கே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். மொத்த நீளம் 72 சென்டிமீட்டர். அலகின் மேல் அந்தக் காலத்து ரூன் எழுத்துகள் 28-ம் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் பேக்நோத் என்று ஒரு ஆள் பெயர். உடைமையாளரா, செய்த கொல்லரா என்பது முடிவாகவில்லை. அந்தக் கத்தியை நன்றாகப் பாருங்கள். வளைவே இல்லை. முதுகு நேராக வந்து, முனைக்குச் சற்று முன்னால் சட்டென்று சாய்ந்து கூர்மையாகிறது.

உங்கள் பள்ளிக்கூட வாசலில் இருப்பதோ வளைந்திருக்கிறது. வாளின் முதுகில் அரைவட்டமாக ஒரு வெட்டும் இருக்கும், கவனித்தீர்களா என்று தெரியவில்லை. இந்த வளைவும் வெட்டும் சின்னம் வரைபவர்களின் வழக்கம். மண்ணிலிருந்தும் ஆற்றிலிருந்தும் கிடைத்த சியாக்ஸ்களின் பொதுவான வடிவம் அது இல்லை. எதிரியின் வாளை மாட்டிப் பிடிக்கவும் படகின் விளிம்பில் கொக்கி போடவும் அந்த வெட்டு என்று சில பழைய கையேடுகளும் வழிகாட்டிகளும் சொல்லும். அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பல தலைமுறை ஓவியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்ததில் கத்தி வளைந்துகொண்டே போயிருக்கிறது என்பதே என் எண்ணம். உங்களுக்குத் துருக்கி வாள் நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை. நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதையேதான் கேட்பார்கள்.

சரி, இந்த வாள்கள் கேடயத்தில் எப்போது ஏறின? கேடயத்தில் நிரந்தரமான சின்னம் வரைந்து அதைத் தந்தைக்குப் பின் மகன் சுமக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் உருவானது. சாக்சன் ஆட்சியோ 1066-ல் நார்மன்கள் வந்தபோதே முடிந்துபோயிற்று. ஆகவே எந்தச் சாக்சன் அரசருக்கும் இந்தப் பொருளில் கேடயச் சின்னம் இருந்திருக்க வழியில்லை. சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல் என்பதற்கு அவர்கள் காலத்துச் செப்பேட்டு முத்திரையும் காசும் சாட்சியாக இருப்பதுபோல இங்கே ஒன்றும் இல்லை. பின்னாளில் சின்னக் கலை செழித்தபோது, பழைய அரசர்களுக்கும் சின்னம் இருந்தால்தானே கௌரவம் என்று எழுத்தாளர்களும் சின்ன அதிகாரிகளும் ஆளுக்கு ஒன்று சூட்டிவிட்டார்கள். ஆதாமுக்கும் ஆர்தர் அரசருக்கும்கூடக் கேடயம் வரைந்து வைத்த காலம் அது.

மூன்று சியாக்ஸ் கிழக்குச் சாக்சன் அரசருடையது என்று முதலில் எழுதியவராக நமக்குத் தெரிபவர் ரிச்சர்ட் வெர்ஸ்டீகன். 1605-ல் ஆண்ட்வெர்ப்பில் அச்சான தன் நூலில், எர்க்கன்வைன் என்ற கிழக்குச் சாக்சன் அரசர் சிவப்புப் பரப்பில் மூன்று வெள்ளி சியாக்ஸ் தாங்கினார் என்று அவர் எழுதினார். எர்க்கன்வைன் ஆறாம் நூற்றாண்டில் அந்த அரசை நிறுவியதாகச் சொல்லப்படுபவர். அவர் நிஜமாக இருந்தாரா என்பதே உறுதியில்லை. வெர்ஸ்டீகனுக்கு முந்தைய சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து, 1611-ல், ஜான் ஸ்பீடு தன் வரலாற்று நூலில் அதே சின்னத்தைக் கொடுத்தார். ஆனால் நம் சின்னக்காரர்களில் சிலர் இப்படி வரைகிறார்கள் என்ற பொருளில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஸ்பீடு மேல் எனக்குத் தனி மரியாதை. சந்தேகம் இருந்த இடத்தில் சந்தேகத்தைப் பதிந்து வைத்தார். அவருக்குப் பின்னால் படியெடுத்தவர்கள் அந்த வார்த்தையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கிழக்குச் சாக்சன் அரசு என்றால் எசெக்ஸும் மிடில்செக்ஸும் சேர்ந்தது. அதனால் இரண்டு கவுண்டிக்காரர்களும் அந்த மூன்று வாளைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். கவுண்டி அதிகாரிகள், உள்ளூர்ப் படைகள், தொண்டர் படைகள் எல்லாரும் பயன்படுத்தினார்கள். யாரும் முறைப்படி வழங்கியதில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. உங்கள் மூன்றாம் நண்பர் குழம்பியது இங்கேதான். எசெக்ஸ் கிரிக்கெட் அணிக்கும் 1864-ல் தொடங்கிய மிடில்செக்ஸ் கிரிக்கெட் கிளப்புக்கும் மூன்று வாள்தான். சென்னையில் பிறந்து இங்கிலாந்துக்குக் கேப்டனான நாசர் ஹுசைன் தன் கவுண்டி ஆட்டத்தை எசெக்ஸின் மூன்று வாளைச் சட்டையில் தாங்கித்தான் ஆடினார். அதே சமயத்தில் லார்ட்ஸில் இறங்கிய மிடில்செக்ஸ் ஆட்டக்காரர்களின் சட்டையிலும் மூன்று வாள்.

இப்போது கவுன்சிலின் கதைக்கு வருகிறேன். மிடில்செக்ஸ் இங்கிலாந்தின் பழைய கவுண்டிகளில் ரட்லாந்துக்கு அடுத்தபடியாகச் சிறியது. தெற்கே தேம்ஸ், கிழக்கே லீ, மேற்கே கோல்ன் என்று மூன்று பக்கமும் ஆறு, வடக்கே மேட்டுநிலம். உள்ளே ஆறு பிரிவுகள்: எட்மண்டன், எல்தோர்ன், கோர், ஐசல்வொர்த், ஆஸல்ஸ்டன், ஸ்பெல்தோர்ன். உங்கள் ஹாரோ கோர் பிரிவில் இருந்தது. இந்தக் கவுண்டிக்கு ஒரு விசித்திரமான நிலைமை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து மிடில்செக்ஸின் ஷெரீஃபை, அதாவது கவுண்டியில் அரசரின் பிரதிநிதியான அதிகாரியை, நியமிக்கும் உரிமை லண்டன் நகர மக்களின் கையில் இருந்தது. மற்ற கவுண்டிகளுக்கு அரசர் நியமிப்பார், இதற்கு மட்டும் பக்கத்து நகரம் நியமிக்கும். எழுநூறு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. லண்டன் நிழலில் வளர்ந்த இடம் என்று இதை அடிக்கடி சொல்வார்கள், நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

1888-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் கவுண்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களைக் கொடுத்தது. மறு வருடம் மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சில் வந்தது. ஆனால் அதே சட்டம் லண்டன் கவுண்டி என்று புதிதாக ஒன்றையும் உண்டாக்கி, வெஸ்ட்மின்ஸ்டர், இஸ்லிங்டன், ஹாக்னி, கென்சிங்டன் என்று மிடில்செக்ஸின் மிக நெருக்கமான மூலையை அறுத்து அதற்குக் கொடுத்துவிட்டது. இதில் ஒரு முரண்பாடு தங்கிவிட்டது. மிடில்செக்ஸ் கவுன்சில் கூடிய கில்டுஹால் என்ற மன்றக் கட்டடம் வெஸ்ட்மின்ஸ்டரில், நாடாளுமன்றச் சதுக்கத்தில் இருந்தது. அதாவது கவுன்சில் தன் எல்லைக்கு வெளியே உட்கார்ந்து தன் எல்லையை ஆண்டது. 1913-ல் திறக்கப்பட்ட கில்டுஹால் கட்டடத்தை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2009-லிருந்து அது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்.

1910 வாக்கில் மிடில்செக்ஸ் கவுன்சில், எசெக்ஸ் கவுன்சில், லண்டன் கவுண்டியின் ஷெரீஃப் அலுவலகம் மூன்றும் ஒரே சின்னத்தைப் பயன்படுத்துவது கவனத்துக்கு வந்தது. சின்னம் என்பதே அடையாளம் காட்டத்தானே. மூன்று அலுவலகக் கடிதத்திலும் ஒரே முத்திரை என்றால் அந்த வேலை நடக்காது. மிடில்செக்ஸ் கவுன்சில், சின்னங்களை முறைப்படி வழங்கும் அமைப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் விண்ணப்பித்து, பழைய மூன்று வாளோடு ஏதாவது ஒரு வேறுபாடு சேர்த்துத் தரும்படி கேட்டது. என்ன சேர்க்கலாம் என்று யோசிக்கும் வேலை கர்னல் ஓட்லி பாரியிடம் வந்தது. மிடில்செக்ஸில் கௌரவ நீதிபதியாக இருந்தவர், ராணுவச் சின்னங்களைப் பற்றி நூல் எழுதியவர். அவர் தேர்ந்தது சாக்சன் கிரீடம். ஏதல்ஸ்டன் அரசரின் வெள்ளிக் காசில் அவர் தலையில் இருக்கும் கிரீடத்தைப் பார்த்து வரைந்தது. ஆங்கில அரசர் ஒருவரோடு இணைத்துக் காட்டக்கூடிய கிரீடங்களில் மிகப் பழைய வடிவம் அதுதான் என்பது அப்போது சொன்ன காரணம். பிற்காலத்து மகுடங்களைப் போல இலையும் வளைவும் இல்லாமல், ஒரு வளையமும் அதிலிருந்து நிற்கும் முனைகளில் உருண்டைகளுமாக எளிமையாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏதல்ஸ்டன் வெசெக்ஸ் அரச குடும்பத்தவர். 925-ல் அவருக்கு முடிசூட்டிய கிங்ஸ்டன், தேம்ஸுக்கு அக்கரையில், சர்ரே பக்கம். ஆகவே மிடில்செக்ஸ் கேடயத்தின் வாள் கிழக்குச் சாக்சன்களுடையதாக நம்பப்பட்டது, கிரீடம் மேற்குச் சாக்சன் அரசருடையது. இரண்டும் 1910-க்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்ததே இல்லை. ஆனாலும் அந்த முடிவை நான் மதிக்கிறேன். காரணம், கிரீடத்தின் வடிவத்தை அவர்கள் கற்பனையில் எடுக்கவில்லை. கையில் இருந்த காசைப் பார்த்து எடுத்தார்கள். அந்தக் கேடயத்தில் சாக்சன் காலத்துப் பொருள் ஒன்றின் நேரடிச் சாயல் இருக்கிறது என்றால் அது அந்தக் கிரீடத்தில்தான். பழையதாகத் தோன்றும் வாளைவிடப் புதிதாகச் சேர்த்த கிரீடம் வரலாற்றுக்கு நெருக்கமாக இருக்கிறது.

வாள் விஷயத்திலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சின்னக் கலையில் பெயரையே படமாக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பெயரில் சேவல் என்று ஒலி வந்தால் சேவலை வரைவது மாதிரி. சியாக்ஸிலிருந்து சாக்சன், சாக்சனிலிருந்து மிடில்செக்ஸ் என்றால், மூன்று சியாக்ஸ் வரைவது அந்த ஊரின் பெயரை எழுதி வைப்பதற்குச் சமம். எர்க்கன்வைன் அந்தக் கேடயத்தைத் தாங்கவில்லை என்பதால் அது பொய்ச் சின்னம் ஆகிவிடாது. சொற்பிறப்பு சரியாக இருக்கும் பட்சத்தில், அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

இதே மிடில்செக்ஸுக்குள் என்ஃபீல்டு கதை இன்னும் சுவையானது. சின்னக் கலையில் என்ஃபீல்டு என்று ஒரு கற்பனை விலங்கு இருக்கிறது. நரித் தலை, முன்னங்கால்கள் கழுகின் கால், பின்பகுதி ஓநாய் அல்லது வேட்டை நாய். அயர்லாந்தின் ஓ'கெல்லி குடும்பச் சின்னத்தில் வருவது அது. ஊருக்கும் விலங்குக்கும் எந்த உறவும் இல்லை, பெயர் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அது போதும் என்று என்ஃபீல்டு கவுன்சில் அந்த விலங்கைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. இந்த ஊரின் பெயர் நமக்குப் புதிதில்லை. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்துகொடுத்த ரெடிச் நகரத்து சைக்கிள் கம்பெனி, அந்தப் பெருமையில் தன் வண்டிக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. 1955-ல் மெட்ராஸுக்கு வந்து திருவொற்றியூரில் உருண்டது அந்தப் பெயர்தான். திருவொற்றியூரில் வளர்ந்த எனக்கு, லண்டன் வந்த புதிதில் பேருந்தின் நெற்றியில் என்ஃபீல்டு என்று பார்த்ததும் கண் நிலைத்து நின்றுவிட்டது.

கவுன்சில் எழுபத்தாறு வருடம்தான் இருந்தது, ஆனால் அந்த எழுபத்தாறு வருடத்தில் இந்த நிலம் மாறியதுபோல முந்தைய ஆயிரம் வருடத்தில் மாறவில்லை. மெட்ரோபாலிட்டன் ரயில் பாதை போன பக்கமெல்லாம் வயல் வீடானது. 1915-ல் அந்தக் கம்பெனி மெட்ரோலேண்ட் என்று பெயர் சூட்டி மனைகளை விளம்பரப்படுத்தியது. 1925-ல் கிரேட் வெஸ்ட் ரோடு திறந்தது, ஓரமெங்கும் தொழிற்சாலைகள் வந்தன. 1951-ல் ஜனத்தொகை 22 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1934-லேயே கவுண்டிக்குள் கிராமப்புற வட்டம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் நகர வட்டமாகவோ பரோ என்ற நகராட்சியாகவோ ஆகிவிட்டன. பிள்ளைகள் பெருகியதால் கவுன்சில் 1930-களில் பள்ளிகளை வரிசையாகக் கட்டியது. கவுண்டியின் கட்டடக் கலைஞர் கர்ட்டிஸும் அவருடன் இருந்த பர்ச்செட்டும் அப்போது டச்சு நாட்டில் புதிதாக இருந்த பாணியைப் பின்பற்றினார்கள்: மெல்லிய செங்கல், தட்டையான கூரை, நீண்ட வரிசையாக ஜன்னல், மாடிப்படிக்கு மட்டும் உயர்ந்த ஒரு கோபுரம். நீங்கள் சொன்ன வருணனையைப் பார்த்தால் உங்கள் தெருப் பள்ளியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். கட்டடத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கவுண்டி முழுக்க லண்டனோடு ஒட்டிப்போன பிறகு அதற்குத் தனிக் கவுன்சில் எதற்கு என்ற கேள்வி வந்தது. 1957-ல் அமைத்த ஹெர்பர்ட் கமிஷன் 1960-ல் அறிக்கை கொடுத்தது. 1963-ன் லண்டன் ஆட்சிச் சட்டம் வந்தது. 1965 ஏப்ரல் 1-ஆம் தேதி மிடில்செக்ஸ் கவுன்சில் இல்லாமல் போயிற்று. பெரும்பகுதி கிரேட்டர் லண்டனுக்குப் போனது. பாட்டர்ஸ் பார் ஹெர்ட்ஃபர்ட்ஷருக்கும், ஸ்டெய்ன்ஸும் சன்பரியும் சர்ரேவுக்கும் போயின. இந்தக் கடைசி இரண்டும் 1974-ல் சேர்ந்தபோது ஸ்பெல்தோர்ன் என்ற பழைய பிரிவின் பெயரையே எடுத்துக்கொண்டன, சின்னத்தில் சியாக்ஸையும் வைத்துக்கொண்டன. உங்கள் ஹாரோவுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மற்ற லண்டன் பரோக்கள் எல்லாம் இரண்டு மூன்று பழைய வட்டங்களைச் சேர்த்துத் தைத்தவை. ஹாரோ மட்டும் தன் பழைய எல்லையோடு அப்படியே பரோ ஆனது.

சின்னம் என்ன ஆயிற்று? ஒரு கவுன்சிலுக்கு வழங்கிய சின்னம் அந்தக் கவுன்சிலுக்கு உரியது. அது கலைந்தால் பக்கத்தில் இருப்பவர் அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. ஆனால் அதன் கூறுகளைப் புதுச் சின்னத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பிரென்ட் உட்பட சில பரோக்கள் சியாக்ஸை எடுத்துக்கொண்டன. 1965-ல் வந்த கிரேட்டர் லண்டன் கவுன்சில் வெள்ளை நீல அலைகளுக்கு மேலே சிவப்புப் பட்டை போட்டு, அதில் மிடில்செக்ஸின் சாக்சன் கிரீடத்தை வைத்தது. அலை பழைய லண்டன் கவுண்டியிலிருந்து, கிரீடம் மிடில்செக்ஸிலிருந்து. விழுங்கிய அமைப்பு விழுங்கப்பட்டதன் கிரீடத்தை நெஞ்சில் தாங்கியது. அதற்குள் எசெக்ஸ் கவுன்சில் 1932-ல் முறைப்படி விண்ணப்பித்து, கிரீடம் இல்லாத மூன்று வாளைத் தனக்கென்று வாங்கிவிட்டிருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு உபயோகமான ஒரு வழி கிடைக்கிறது. பழைய மிடில்செக்ஸ் பகுதியில் கிரீடத்தோடு மூன்று வாள் இருந்தால் 1910-க்கும் 1965-க்கும் இடைப்பட்டது என்று கிட்டத்தட்ட நம்பிக்கையாகச் சொல்லலாம். கிரீடம் இல்லாவிட்டால் 1910-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பழைய அச்சைப் பின்னாலும் பயன்படுத்தியவர்கள் இருப்பார்கள், அதனால் அது உறுதி இல்லை. அலைக்கு மேல் தனிக் கிரீடம் என்றால் 1965-லிருந்து 1986 வரை இருந்த கிரேட்டர் லண்டன் கவுன்சில். இன்னொன்றோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லண்டனைச் சுற்றிச் சாலையோரங்களில் வெள்ளை இரும்புக் கம்பங்கள் நிற்கும், சிலுவையும் ஒரு மூலையில் சின்ன நேர் வாளும் போட்டு. அது லண்டன் நகரத்தின் சின்னம், நிலக்கரி வரி எல்லையைக் காட்ட 1861-க்குப் பின் நட்டவை. அந்த வாள் 1381-ல் விவசாயிகள் கலகத்துக்குத் தலைமை தாங்கிய வாட் டைலரைக் குத்திய கத்தி என்பார்கள். அந்தக் கலகத்துக்கு இரண்டு மாதம் முன்பே நகர முத்திரையில் வாள் வந்துவிட்டது. அது புனித பவுலின் வாள். இன்னொன்று, கேடயத்தை விவரித்து எழுதும்போது வலம், இடம் என்பது அதைத் தாங்குபவரின் வலம், இடம். நம் கோயில் திருமேனிகளை வருணிக்கும்போது சாமியின் வலக்கையைத்தானே வலக்கை என்கிறோம், அதே முறை. மிடில்செக்ஸ் வாள்களின் முனை இடப்பக்கம் நோக்கியவை என்று பட்டயம் சொல்லும், பார்க்கும் நமக்கு அது வலப்பக்கம்.

அந்தக் கவுண்டியே இப்போது கிடையாது என்று இரண்டாமவர் சொன்னாரே, மிடில்செக்ஸ் நிஜமாகவே போய்விட்டதா? 1965-ல் கலைந்தது கவுன்சில். பெயர் போகவில்லை. தபால் துறை 1996 வரை முகவரியில் மிடில்செக்ஸை வைத்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த பழைய நீல வான்கடிதங்களை எடுத்துப் பார்த்தால் வெம்பிளி, மிடில்செக்ஸ் என்றோ சவுதால், மிடில்செக்ஸ் என்றோ எழுதியிருக்கும். நூலகத்துக்குக் குடும்ப வரலாறு தேடி வரும் நம்மவர்கள் பலர் அந்த உறையோடுதான் வருவார்கள். ஐசல்வொர்த், பார்க் ராயல், எட்மண்டன் மருத்துவமனைகள் இன்றும் மேற்கு, மத்திய, வடக்கு மிடில்செக்ஸ் என்ற பெயரோடு இருக்கின்றன. நம்மவர்கள் உயர்வாசற்குன்று என்று அழகாகத் தமிழாக்கிய ஹைகேட் ஹில் முருகன் கோயில் இருப்பதும், மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருப்பதும் பழைய மிடில்செக்ஸ் மண்ணில்தான். மே 16-ஐ மிடில்செக்ஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1811-ல் அல்புவேரா போரில் மேற்கு மிடில்செக்ஸ் படைப்பிரிவு நிலைத்து நின்ற நாள் அது. அன்றைக்குச் சில கட்டடங்களில் சிவப்புக் கொடி பறக்கும், அதே மூன்று வாள், அதே கிரீடம்.

உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலை வேளையில் போங்கள். பக்கவாட்டில் வெயில் விழும்போது கல்லில் செதுக்கிய கோடுகள் தெளிவாகத் தெரியும். கேடயத்துக்குக் கீழேயோ வாசல் ஓரத்து அடிக்கல்லிலோ வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். வருடமும் தெருப் பெயரும் கிடைத்துவிட்டால் கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். மிடில்செக்ஸ் கவுன்சிலின் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. படம் எடுத்தால் இங்கேயே போடுங்கள், கிரீடத்தின் முனைகளை எண்ணிப் பார்க்க எனக்கும் ஆசை.